கோட்டுப் பைக்குள் ஓர் ஓட்டை

டோக்கியோவில் கடைசி ராத்திரி, எங்கள் இரண்டு பெரிய பெட்டிகளையும் ஒரு கறுப்புப் பூனையிடம் ஒப்படைத்தோம். யமாட்டோ நிறுவனம் 1976-இல் தொடங்கிய டக்யூபின் சேவையின் சின்னம் அந்தப் பூனை. ஹோட்டல் வரவேற்பில் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுத்தால் போதும், பெட்டி அடுத்த ஊர் ஹோட்டலுக்குத் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். ராத்திரி நேரத்தில் கொடுத்ததால் மறுநாள் வராது, அதற்கடுத்த நாள்தான் கியோட்டோவுக்கு வரும் என்றார்கள். சரி, ஒரு ராத்திரிக்கு வேண்டியதை மட்டும் முதுகுப் பையில் போட்டுக்கொண்டோம். இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 6,000 யென்னுக்குள் முடிந்தது. அந்தப் பயணத்தில் நாங்கள் செலவழித்த பணத்திலேயே மனசார, முணுமுணுக்காமல் கொடுத்த பணம் அதுதான்.

சின்னத்தில் தாய்ப்பூனை தன் குட்டியைக் கழுத்தில் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். நான்கு வயது சின்னவள் அந்தப் படிவத்தையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அந்த அம்மாப் பூனை பாப்பாவைத் தூக்கிட்டுப் போகுது. நீ மட்டும் என்னை நடன்னு சொல்றே."

மறுநாள் முழுக்க இந்த வாக்கியம் எங்களோடு வந்தது.

என் கணவர் அட்டவணை போடுகிறவர். ஊரில் இருக்கும்போதே எக்ஸெலில் அந்த நாளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருந்தார். 9:30 அசாகுசா கோயில். 10:45 சுரங்க ரயில். 11:00 உவேனோவில் அறிவியல் அருங்காட்சியகம். 1:15 டோக்கியோ ஸ்டேஷன். 2 மணிக்குக் கொஞ்சம் முன்னால் கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில். ஒவ்வொரு இடத்துக்கும் நடக்கும் நேரத்தைக்கூட மேப் பார்த்துக் குறித்திருந்தார். மேப் சொல்லும் ஐந்து நிமிடம், கையில் ஒன்றும் இல்லாத, யாரையும் கூட்டிக்கொண்டு போகாத ஒரு ஆள் நடக்கும் ஐந்து நிமிடம். ஷூ லேஸ் அவிழ்வது, மூக்கு ஒழுகுவது, வழியில் புறாவைப் பார்த்து நிற்பது எதற்கும் அதில் கட்டம் கிடையாது. அது தெரியாத ஆள் இல்லை அவர். ஆனாலும் வெளிநாடு என்றதும் நாம் எல்லோரும் குழந்தைகளுக்கும் விசா முத்திரையோடு புத்தியும் சேர்த்துக் கொடுப்பார்கள் என்று நம்பிவிடுகிறோம்.

காலையில் முதல் வேலை தயிர்சாதம். இதை எழுதாமல் போக முடியாது, ஏனென்றால் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அதுதான். ஜப்பானில் எந்தச் சூப்பில் கை வைத்தாலும் மீன் இருக்கும். காய்கறிதானே என்று வாங்கினாலும் அது டாஷி என்ற மீன் சாற்றில் வெந்திருக்கும். பெரியவனுக்கு ஒன்பது வயது, அவன் எதையும் சாப்பிடுவான். சின்னவள் வெள்ளையாக இருப்பதை மட்டும்தான் தொடுவாள். தெருமுனைக் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் போதும் என்ற சாதப் பொட்டலமும், சர்க்கரை போடாத தயிரும் கிடைத்தன. ஜப்பான் அரிசி கொஞ்சம் ஒட்டும், அது தயிர்சாதத்துக்கு ரொம்பவே நல்லது. குழைய வேண்டிய பதத்தில் அதுவே குழைந்திருக்கும். உப்பு, சென்னையிலிருந்து கொண்டுபோன மாவடு இரண்டு. ஒரு டப்பாவில் அடைத்து, பழைய துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன். பிற்பாடு ரயில் நிலையத்தில் எக்கிபென் என்ற பெயரில் விதவிதமான கட்டுச்சோற்றுப் பெட்டிகளை அடுக்கி விற்பதைப் பார்த்தபோது, நாமும் இந்த ஊர்ப் பழக்கத்தைத்தான் பின்பற்றுகிறோம் என்று ஒரு சின்னப் பெருமை.

ஹோட்டல் வாசலில் இறங்கும்போது பள்ளிக்கூடம் போகும் பையன் ஒருவன் எங்களைக் கடந்து போனான். மஞ்சள் தொப்பி, முதுகில் பெட்டி போன்ற தோல் பை. ஆறு ஏழு வயதுதான் இருக்கும். கூட யாரும் இல்லை. பையின் பக்கவாட்டில் சுருள் கயிற்றில் ரயில் கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் கையை நீட்டினான். "என் கார்டை நான்தான் வச்சிருப்பேன்."

அது வரைக்கும் எல்லாருடைய கார்டுகளும் என் கைப்பையில்தான் இருந்தன. ஆறு வயது வரைக்கும் பெரியவர்களோடு வந்தால் ரயிலில் இலவசம். பள்ளி வயதுக் குழந்தைகளுக்குப் பாதிக் கட்டணம், அதற்குத் தனி ஐசி கார்டு, பணம் ஏற்றி வைத்துக்கொண்டு ஸ்டேஷன் கதவில் தொட்டால் கட்டணம் கழியும். விமான நிலையத்தில் வாங்கியிருந்தோம், சுற்றுலாப் பயணிகளுக்கானது. குழந்தைகளின் கார்டை வைத்தால் ஸ்டேஷன் கதவு குஞ்சுப் பறவை மாதிரி 'பியோ பியோ' என்று கத்தும். பெரியவர் யாராவது பாதிக் கட்டணக் கார்டில் ஏமாற்றிப் போகக் கூடாது என்பதற்காக வைத்த சத்தம். அவனுக்கோ அது தனக்கென்று ஊரே அடிக்கும் சீட்டி. கொடுத்தேன். கயிறு வாங்கிக் கொடுக்கத் தோன்றவில்லை. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

அசாகுசாவின் சென்ஸோஜி கோயிலில் கூட்டம் என்றால் தேர்க் கூட்டம். சிவப்பு விளக்கு தொங்கும் வாசலிலேயே எங்கள் விதியை இருவருக்கும் இன்னொரு முறை சொன்னேன். தொலைந்தால் தேடாதே, நின்ற இடத்தில் நில், நாங்கள் வருவோம். சின்ன வயசில் திருவிழாவில் என் அம்மா எனக்குச் சொன்ன அதே விதி. கூடுதலாக, ஹோட்டல் முகவரி அட்டை ஒன்று ஆளுக்கொரு பையில்.

அங்கே குறி பார்க்கும் சீட்டு எடுக்கலாம். 100 யென்னை உண்டியலில் போட்டு, இரும்புக் குடுவையைக் குலுக்கினால் சின்ன ஓட்டை வழியாக ஒரு குச்சி வெளியே வரும். குச்சியில் எண். அந்த எண் எழுதிய இழுப்பறையைத் திறந்தால் உங்கள் சீட்டு. நம்மூர்க் கிளி ஜோசியம், கிளி மட்டும் இல்லை. இந்தக் கோயிலில் நூறில் முப்பது சீட்டு கெட்டதாகவே இருக்கும் என்பது பிரசித்தம். பெரியவன் குலுக்கினான், கெட்டதுதான் வந்தது. ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்ததால் மறைக்க வழியில்லை. பயணம் நல்லதல்ல, தொலைந்த பொருள் கிடைக்காது என்றெல்லாம் எழுதியிருந்தது. அவன் முகம் சுருங்கிவிட்டது. கெட்ட சீட்டை அங்கே இருக்கும் கம்பியில் கட்டிவிட்டு வந்துவிட வேண்டும், கெடுதல் அங்கேயே நின்றுவிடும் என்று அவனுக்கு விளக்கி, கம்பியைக் காட்டி, கட்டிவிட்டு வா என்று அனுப்பினேன். நான் அதற்குள் சின்னவளைப் புறாக்களிடமிருந்து பிரிக்கப் போனேன். திரும்பி வந்து கட்டியாச்சு என்றான்.

இங்கேயே அட்டவணையில் 35 நிமிடம் துண்டு விழுந்திருந்தது.

அசாகுசாவிலிருந்து உவேனோவுக்கு கின்ஸா லைன். 1927 டிசம்பரில் திறந்தது, ஆசியாவின் முதல் சுரங்க ரயில் என்று சொல்வார்கள். முதலில் போட்டது இதே அசாகுசா - உவேனோ பாதையைத்தான், 2.2 கிலோமீட்டர். திறந்த நாளில் ஐந்து நிமிடப் பயணத்துக்கு ஜனங்கள் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வரிசையில் நின்றிருக்கிறார்கள். எங்களுக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான், காரணம் வேறு. தள்ளுவண்டியோடு போகிறவர்களுக்கு டோக்கியோ ஒரு லிஃப்ட் தேடும் விளையாட்டு. லிஃப்ட் இருக்கும், ஆனால் நீங்கள் வந்த வாசலில் இருக்காது. சாலையைக் கடந்து, ஒரு மூலை திரும்பி, குறியைத் தேடிப் போனால் சின்னதாக ஒன்று நிற்கும். அதற்கு முன்னால் இன்னும் மூன்று தள்ளுவண்டி, ஒரு பாட்டி.

முந்தின நாள் ஷின்ஜுகுவில் இந்தப் பாடம் கொஞ்சம் கடுமையாகவே நடந்தது. உலகத்திலேயே அதிகம் பேர் புழங்கும் ரயில் நிலையம் என்று கின்னஸில் ஏறிய இடம், 200-க்கும் மேல் வாசல்கள். லிஃப்ட் எங்களை ஏதோ ஒரு வாசலில் கொண்டுவந்து விட்டது. நாங்கள் போக வேண்டிய வாசல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், நடுவே தண்டவாளங்கள். குழந்தைகளோடு டோக்கியோ ரொம்பச் சுலபம் என்று எழுதுகிறவர்கள் கழிப்பறையை நினைத்து எழுதுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த விஷயத்தில் முழு மார்க் கொடுக்கலாம். அறைக்குள்ளேயே சுவரில் குழந்தையை உட்காரவைக்க ஒரு இருக்கை பொருத்தியிருப்பார்கள். அம்மாக்கள் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு படும் பாட்டைத் தெரிந்த யாரோ யோசித்த காரியம். ஒரே சிக்கல், கமோட் இருக்கை சூடாக இருக்கும். உவேனோவில் சின்னவள் அதை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். "வெளில குளிருது. இங்கயே இருக்கலாம்."

அருங்காட்சியகத்துக்கு உள்ளே நாங்கள் போகவே இல்லை. வாசலுக்கு வெளியே திறந்த வெளியில் நீலத் திமிங்கிலம் ஒன்றை முழு அளவில் செய்து, கடலுக்குள் பாய்வது போலத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் டி51 வகை நீராவி எஞ்சின் ஒன்று, கறுகறுவென்று. ஜப்பானில் இந்த வகையில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் செய்தார்களாம். பெரியவன் எஞ்சினின் சக்கரங்களை எண்ணினான். எண்ணி முடித்துவிட்டு அந்தப் பக்கம் போய் மறுபடி எண்ணினான். சின்னவள் திமிங்கிலத்தின் வாலிலிருந்து தலை வரைக்கும் நடந்து பார்த்தாள், யாரும் நடக்கச் சொல்லாமலே. என் கணவர் வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போவதென்றால் இவர்களைக் கிளப்ப வேண்டும் என்பதையும் யோசித்தார். பிள்ளைகளுக்கு உள்ளே இலவசம்தான், பெரியவர்களுக்குத்தான் டிக்கெட். "வெளியவே இவ்வளவு இருக்கே" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் எடுத்த முடிவுகளில் எனக்குப் பிடித்தது அது.

பக்கத்து விற்பனை இயந்திரத்தில் மேல் தட்டுகளில் குளிர்பானம், கீழே சூடான பானம். விலைப் பட்டை நீலமாக இருந்தால் குளிர்ச்சி, சிவப்பாக இருந்தால் சூடு. நவம்பர் குளிருக்குப் பெரியவன் சிவப்பில் சோளச் சூப் வாங்கினான், தகர டப்பாவில். கடைசியில் அடியில் தங்கிப்போன சோள மணிகளுக்காக டப்பாவை வாயில் கவிழ்த்து முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான். காலி டப்பா போட இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே தொட்டி உண்டு. மற்றபடி டோக்கியோ தெருவில் குப்பைத் தொட்டி தென்படுவதே அபூர்வம். 1995-இல் சுரங்க ரயிலில் விஷ வாயு வீசிய தாக்குதலுக்குப் பிறகு பொது இடங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒரு காலிப் பையும் சேர்த்துக் கொண்டுபோவது நல்லது. எங்கள் பையில் அன்று சாயங்காலத்துக்குள் சேர்ந்ததை வைத்துப் பார்த்தால், குப்பையும் ஒரு லக்கேஜ்தான்.

உவேனோவிலிருந்து டோக்கியோ ஸ்டேஷனுக்கு ஏழெட்டு நிமிடம். அட்டவணை இன்னும் முழுசாகச் சாகவில்லை. கதவில் பெரியவன் கார்டை வைத்தான், குஞ்சு கத்தியது, சிரித்துக்கொண்டே உள்ளே போனான். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கார்டை அன்று ராத்திரி வரை யாரும் பார்க்கவில்லை.

டோக்கியோ ஸ்டேஷனில் ஷின்கான்சென்னுக்கு மாற வேண்டுமென்றால் இடையில் ஒரு கதவு இருக்கிறது. அங்கே ரயில் டிக்கெட்டைப் போட்டு, கூடவே ஐசி கார்டையும் வைக்க வேண்டும். எங்கே ஏறினோம் என்பதை அது கார்டிலிருந்து தெரிந்துகொள்ளும். ரயிலுக்கு இன்னும் 14 நிமிடம். நான், சின்னவள், என் கணவர் தயார். பெரியவன் கோட்டின் இடது பையில் கையை விட்டான். அப்புறம் வலது பை. அப்புறம் பேன்ட். அப்புறம் மறுபடி இடது பை. அவன் காது சிவந்துவிட்டது.

ஓரமாக ஒதுங்கி முதுகுப் பையைத் தரையில் கொட்டினோம். துண்டு சுற்றிய டப்பா, ஈர டிஷ்யூ, ஜட்டி, குப்பைப் பை. எங்களைச் சுற்றிக் கூட்டம் ஆற்றுக்குள் கல்லைச் சுற்றிப் போகும் தண்ணீர் மாதிரி விலகிப் போய்க்கொண்டிருந்தது. யாரும் முறைக்கவில்லை, அதுவே இன்னும் சங்கடம். "உன்கிட்ட குடுத்தது என் தப்பு" என்று அவனிடம் சொன்னேன். அந்த வாக்கியத்தின் வடிவத்தைப் பாருங்கள். என் தப்பு என்று சொல்வது போலச் சொல்லி அவனை அடிக்கும் வாக்கியம்.

கவுன்டரில் இருந்த பணியாளர் மொழிபெயர்க்கும் கருவியில் எதையோ சொல்லி நீட்டினார். உவேனோவிலிருந்து இங்கே வரை உள்ள கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போகலாம். பையனுக்குப் பாதிக் கட்டணம், 100 யென்கூட வராது. என் கணவர் பர்ஸை எடுத்துவிட்டார். நான்தான் விடவில்லை. கார்டில் இன்னும் 1,400 யென் இருக்கிறது, சுற்றுலாக் கார்டு, மிச்சப் பணத்தைத் திருப்பித் தரவும் மாட்டார்கள், இங்கேதான் எங்கேயோ இருக்கிறது என்று இன்னொரு முறை பையைக் கொட்டினேன். "என்னங்க, அந்தச் சைடு ஜிப்பைப் பாருங்க" என்று அவரையும் முடுக்கினேன். 800 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவான அந்தத் தொகையைத் தேடிய நேரத்தில், பெரியவர்களுக்கு ஆளுக்கு ஏறத்தாழ 14,000 யென் கொடுத்து முன்பதிவு செய்த ரயில் போய்விட்டது.

அந்த இருக்கைகளின் கதையையும் சொல்ல வேண்டும். கியோட்டோ போகும்போது ஃபூஜி மலை வலது பக்கம் தெரியும், ஆங்கில ‘ஈ’ எழுத்து போட்ட ஜன்னலோர இருக்கைகள். பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு முன்பதிவு திறக்கும். நமக்கு அது காலை ஆறரை. பால் பொங்கிக்கொண்டிருக்க, அலாரம் வைத்து எழுந்து நான் பிடித்த இருக்கைகள் அவை.

ரயிலைத் தவறவிட்டால் டிக்கெட் போச்சு என்று நினைத்து எனக்குக் கை நடுங்கியது. அப்படி இல்லை. எல்லாப் பெட்டியும் முன்பதிவாக ஓடும் விசேஷக் காலம் இல்லையென்றால், அதே நாள் பின்னால் வரும் ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறிக்கொள்ளலாம். நாங்கள் ஏற வேண்டிய நொஸோமி வகை ஷின்கான்சென் ரயில்கள் டவுன் பஸ் மாதிரி சில நிமிடங்களுக்கு ஒன்று கிளம்பிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் முன்பதிவில்லாப் பெட்டி ரயிலின் தலைப்பக்கம். ரயிலோ 16 பெட்டி, 400 மீட்டர் நீளம். பூனைக்குட்டி வாக்கியம் இங்கே திரும்பி வந்தது. இந்த முறை நான் ஒன்றும் பேசாமல் தூக்கிக்கொண்டேன்.

பிளாட்பாரத்தில் கோடு போட்ட இடத்தில் வரிசையில் நின்றோம். வந்து நின்ற ரயிலிலிருந்து ஆட்கள் இறங்கியதும் கதவை மூடிவிட்டு, துப்புரவுப் பணியாளர்கள் உள்ளே போனார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். இருக்கைகளை எல்லாம் ஓடுகிற திசைக்குத் திருப்பி, தலை சாயும் துணியைப் பார்த்து, தரையைப் பெருக்கி, பத்து நிமிடத்துக்குள் முடித்து வெளியே வந்து வரிசையாக நின்று குனிந்து வணங்கினார்கள். அது வரைக்கும் என்னிடம் பேசாமல் இருந்த பெரியவனும் பதிலுக்குக் குனிந்து வணங்கினான். அவர்களில் ஒரு அம்மா அவனைப் பார்த்துத் தனியாக இன்னொரு முறை குனிந்தார்.

நான்கு பேருக்கும் ஒரே இடத்தில் இருக்கை கிடைக்கவில்லை. அவர்கள் இருவரும் முன்னால், நானும் சின்னவளும் ஐந்து வரிசை பின்னால், மலை தெரியாத இடது பக்கம். தயிர்சாத டப்பாவைத் திறந்தேன். ஊருக்குள் ஓடும் ரயிலில் யாரும் சாப்பிட மாட்டார்கள், இதில் தாராளமாகச் சாப்பிடலாம், எல்லோர் முன்னாலும் எக்கிபென் பெட்டி திறந்திருந்தது. நான்கு வாய் வாங்கினாள். ஐந்தாவது வாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்கிப்போனாள்.

கிளம்பி முக்கால் மணி நேரம் கழித்து, வலது பக்க ஜன்னலில் காகித ஆலைகளின் புகைபோக்கிகளுக்கு மேலே ஃபூஜி வந்தது. உச்சியில் பனியோடு. நிறையப் பேர் ஃபோனைத் தூக்கினார்கள். என் வலது கை சின்னவளின் தலைக்கு அடியில் மரத்துப்போய் இருந்தது, ஃபோன் அதே பக்கத்துப் பையில். முன்னால் எட்டிப் பார்த்தேன். பெரியவனின் தலை அவன் அப்பாவின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. இவரும் தூங்கிக்கொண்டிருந்தார். அலாரம் வைத்துப் பிடித்த மலையை, யாரோ ஒருவருடைய வழுக்கைத் தலைக்கு மேலாக நான் மட்டும் பார்த்தேன். ஒரு நிமிடம் இருக்கும், அப்புறம் சுரங்கப் பாதை.

கியோட்டோவில் இறங்கும்போது நாலரை மணி, அதற்குள் அந்தி. ஹோட்டலுக்கு டாக்ஸி. அட்டவணையில் அன்று சாயங்காலத்துக்கு ஒரு கோயிலும் ஒரு கடைத்தெருவும் இருந்தன. யாரும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

ராத்திரி பெரியவனின் கோட்டைக் கொக்கியில் மாட்டும்போது கீழ் விளிம்பில் ஏதோ தடிமனாகத் தட்டுப்பட்டது. இடது பையின் அடித் தையல் விட்டுப்போய் ஓட்டை. உள்ளே இருந்ததெல்லாம் லைனிங்குக்குள் இறங்கி, கோட்டின் அடியில் போய்ச் சேர்ந்திருந்தது. விரலை விட்டு ஒவ்வொன்றாக மேலே தள்ளினேன். ஒரு மஞ்சள் கிங்கோ இலை. ஹோட்டல் முகவரி அட்டை. ரயில் கார்டு. அப்புறம், நான்காக மடித்த ஒரு சீட்டு. பிரித்தேன். தொலைந்த பொருள் கிடைக்காது.

"கம்பியில கட்டிட்டேன்னு சொன்னியே?"

போர்வைக்குள்ளிருந்து தலை மட்டும் வெளியே வந்தது. "நூறு யென் குடுத்து வாங்கினதை யாராவது அங்க விட்டுட்டு வருவாங்களா?"

இவர் சிரித்த சிரிப்பில் சின்னவள் விழித்துக்கொண்டாள். குளியலறை அலமாரியில் இருந்த ஊசிப் பொட்டலத்தை எடுத்து ஓட்டையைத் தைத்தேன். கோட்டு கருநீலம். பொட்டலத்தில் வெள்ளை நூல்தான் இருந்தது.